ரோகிணியும் கேட்டையும்: கதைக்குள் எவ்வளவு வானம்?



தாம்பரத்துக்கு மேற்கே சோமங்கலம் என்றோர் ஊர் இருக்கிறது. சோமன் என்றால் சந்திரன். அவ்வூர்ச் சிவன் கோயிலில் சந்திரன் வழிபட்டுத் தன் சாபத்தின் கடுமையைக் குறைத்துக்கொண்டான் என்பது தலவரலாறு. சோமங்கலத்தைப் போலவே சுற்றுவட்டாரத்தில் இன்னும் எட்டு ஊர்க் கோயில்கள் ஒவ்வொரு கிரகத்துக்கு உரியவையாகப் போற்றப்படுகின்றன. கொளப்பாக்கம் சூரியனுக்கு, பூந்தமல்லி செவ்வாய்க்கு, கோவூர் புதனுக்கு, போரூர் குருவுக்கு, மாங்காடு சுக்கிரனுக்கு, பொழிச்சலூர் சனிக்கு, குன்றத்தூர் ராகுவுக்கு, கெருகம்பாக்கம் கேதுவுக்கு. ஒரே நாளில் ஒன்பது கோயில்களையும் பேருந்திலோ வேனிலோ சுற்றி வருகிறவர்கள் உண்டு.

உங்கள் பாட்டியும் அப்படிப் போய் வந்தவராக இருக்கலாம். போய் வந்த கையோடு சந்திரனின் சாபக் கதையையும் உங்களுக்குச் சொல்லியிருப்பார். கதை இதுதான். தட்சன் தன் பெண்கள் 27 பேரைச் சந்திரனுக்கு மணம் செய்து கொடுத்தான். அசுவினி, பரணி, கார்த்திகை என்று தொடங்கி ரேவதியில் முடியும் நட்சத்திரங்களே அந்தப் பெண்கள். எல்லோரிடமும் சமமாக அன்பு காட்டுவதாகச் சொல்லித்தான் சந்திரன் மணந்தான். ஆனால் ரோகிணியின் வீட்டிலேயே தங்கிவிட்டான். மற்றவர்கள் தந்தையிடம் முறையிட்டார்கள். சினம் கொண்ட தட்சன், "நாளுக்கு நாள் தேய்ந்து போ!" என்று சபித்தான். பிறகு சாபம் பாதியாகக் குறைந்தது. அதனால்தான் சந்திரன் தேய்ந்து, மீண்டும் வளர்கிறான்.

இது வெறும் கதையா? அல்லது வானத்தைப் பார்த்தவர்கள் தாம் கண்டதைக் கதையாகச் சொல்லி வைத்தார்களா? பழங்கதைகளின் பிறப்பிடம் வானமே என்று சொல்லும் அறிஞர்கள் உலகெங்கும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வது எவ்வளவு தூரம் சரி என்பதை இந்த ஒரு கதையை வைத்தே சோதித்துப் பார்ப்போம். இதில் நமக்கு என்ன வந்தது என்று நினைக்க வேண்டாம். கதை நட்சத்திரமாகி, நட்சத்திரம் ஜாதகமாகி, ஜாதகம் ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் இடம் வரை இந்தக் கேள்வி நம்மை இட்டுச் செல்லும்.

கதையில் உள்ள கணக்கு

முதலில் 27 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இன்றிரவு சந்திரன் ஒரு விண்மீனுக்கு அருகில் இருந்தால், நாளை அதே நேரத்தில் அதைவிட்டு ஏறக்குறைய 13 பாகை கிழக்கே நகர்ந்திருக்கும். கையை நீட்டி முட்டியைப் பிடித்து வானத்துக்கு நேரே வைத்தால், முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. ஆகவே சந்திரன் ஒரு நாளில் ஒரு முட்டியும் கொஞ்சமும் நகர்கிறது எனலாம். இப்படி வானத்தை ஒரு முறை சுற்றி அதே விண்மீனிடம் திரும்பி வர 27.32 நாட்கள் ஆகின்றன. 360 பாகை கொண்ட வட்டத்தை 27ஆகப் பங்கிட்டால் ஒரு பங்கு 13 பாகை 20 கலை. இதுவே ஒரு நட்சத்திரத்துக்குரிய வீடு.

நாளுக்கு ஒரு வீடு, 27 நாளில் ஒரு சுற்று. எழுத்தறியாதவரும் மறக்க முடியாதபடி இந்தக் கணக்கு கதைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. இதில் வானம் உண்டு என்பதில் ஐயமில்லை.

அடுத்து, தேய்வதற்குக் கதை சொல்லும் காரணம். ரோகிணியிடம் தங்கியதால் சந்திரன் தேய்ந்தான் என்றால், ரோகிணிக்கு அருகே வரும்போதெல்லாம் சந்திரன் ஒரே மாதிரி இருக்க வேண்டும் அல்லவா? உண்மையில் அப்படி இல்லை. கார்த்திகை தீபத்தை ஒட்டி ரோகிணியின் பக்கத்தில் முழு நிலவைக் காணலாம். கோகுலாஷ்டமி நாளை நினைத்துப் பாருங்கள். கண்ணன் பிறந்தது ரோகிணியில், அஷ்டமி திதியில் என்பார்கள். அன்று அரைச் சந்திரன். ஜூன் மாதத் தொடக்கத்தில் சூரியனே ரோகிணியின் பக்கம் இருப்பதால் அங்கே வரும் சந்திரன் அமாவாசைச் சந்திரன். கண்ணுக்கே தெரியாது.

காரணம் எளியது. சந்திரன் தேய்வதும் வளர்வதும் சூரிய ஒளி படும் பக்கத்தில் எவ்வளவு நமக்குத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு 29.53 நாட்கள். விண்மீன் சுற்றைவிட இரண்டு நாட்களுக்கு மேல் அதிகம். சந்திரன் ஒரு சுற்றை முடிப்பதற்குள், பூமி சூரியனைச் சுற்றுவதால் சூரியனும் வானில் சற்று இடம் மாறிவிடுகிறது. அதை எட்டிப் பிடிக்கச் சந்திரனுக்கு மேலும் இரண்டு நாட்கள் வேண்டியிருக்கின்றன. கதை இந்த இரண்டு கணக்குகளையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டது. அது கண்டது சரி. சொன்ன காரணம் சரியில்லை.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. இதே கதை தைத்திரீய சங்கிதை என்னும் வேத நூலிலும் வருகிறது. அங்கே பெண்களின் தந்தை பிரஜாபதி. பெண்களின் எண்ணிக்கை 27 அல்ல, 33! ரோகிணியிடம் மட்டும் சந்திரன் தங்கியதும், நோய் பிடித்ததும் அங்கும் உண்டு. ஆகவே கதை பிறந்தபோதே 27 என்ற கணக்கு அதற்குள் இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பிற்காலத்தில் பஞ்சாங்கக் கணக்குக்குப் பொருந்தும்படி கதை திருத்தப்பட்டிருக்கலாம்.

ஏன் ரோகிணி?

27 பேரில் ரோகிணியை மட்டும் சந்திரன் ஏன் விரும்ப வேண்டும்? வானில் விடை தேடுகிறவர்கள் இப்படிச் சொல்வார்கள்: "ரோகிணி பிரகாசமான சிவப்பு விண்மீன். சந்திரன் செல்லும் பாதையிலேயே இருக்கிறது. சில ஆண்டுகளில் சந்திரன் அதன் மேலேயே சென்று அதை மறைக்கிறது. இதைக் கண்டவர்கள் 'ரோகிணியோடு தங்கினான்' என்று சொன்னார்கள்."

அழகான விளக்கம். இதில் உள்ள வானியல் செய்திகளும் உண்மையே. சந்திரனின் பாதை சூரியனின் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளைத்தான் நம் வானியலார் ராகு, கேது என்றார்கள். குன்றத்தூரிலும் கெருகம்பாக்கத்திலும் வணங்கப்படும் அதே ராகு கேதுதான். முழு நிலவோ அமாவாசையோ இப்புள்ளிகளுக்கு அருகே நேர்ந்தால் கிரகணம் உண்டாகும். பாம்பு விழுங்குகிறது என்ற கதையும் இப்புள்ளிகளின் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் கிரகணம் என்பது நிழலின் விளையாட்டு என்று ஆரியபட்டர் 499ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். 1825இல் புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு அவ்வாண்டு மே 31 இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஜான் வாரன் என்ற அலுவலர் இதைப் பதிவு செய்திருக்கிறார். அவர் சொன்ன தொடக்க நேரம் உண்மையிலிருந்து 4 நிமிடமே வேறுபட்டது. அந்தக் கணக்கில் பாம்புக்கு வேலையே இல்லை.

ராகு கேதுப் புள்ளிகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. 18.6 ஆண்டுகளில் வானத்தை ஒரு சுற்றுச் சுற்றுகின்றன. அதனால் சந்திரனின் பாதையும் மெல்ல மெல்ல அசைந்துகொண்டே இருக்கிறது. ரோகிணி, சூரிய பாதைக்கு ஐந்தரைப் பாகை தெற்கே இருக்கிறது. சந்திரனின் பாதை அந்த இடத்தில் மிகவும் தெற்கே தாழ்ந்திருக்கும் சில ஆண்டுகளில் மட்டுமே ரோகிணி மறைக்கப்படும். 2015 ஜனவரி முதல் 2018 செப்டம்பர் வரை உலகின் ஏதாவது ஒரு பகுதியிலிருந்து பார்க்கும்படி 49 முறை சந்திரன் ரோகிணியை மறைத்தது. இதுபோன்ற அடுத்த வரிசை 2033இல் தொடங்கும்.

ஆனால் விளக்கம் அழகாக இருப்பதாலேயே அதை ஒப்புக்கொள்ளலாமா? கொஞ்சம் பொறுங்கள். சந்திரன் மறைக்கக்கூடிய முதல் தரப் பிரகாசமுள்ள விண்மீன்கள் ரோகிணியோடு சேர்த்து நான்கு. மற்ற மூன்றும் மகம், சித்திரை, கேட்டை. இவற்றில் கேட்டையைச் சற்று உற்று நோக்குவோம்.

ரோகிணி சிவப்பு, கேட்டையும் சிவப்பு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பிரகாசம் உடையவை. இரண்டும் சூரிய பாதைக்குச் சற்றுத் தெற்கே உள்ளவை. இரண்டும் வானில் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய நேர் எதிராக நிற்கின்றன. ஒன்று உதிக்கும் வேளையில் மற்றொன்று மறைந்துகொண்டிருக்கும். ரோகிணியை மறைக்கும் ஆண்டுகள் முடிந்து சில ஆண்டுகள் சென்றபின், சந்திரன் கேட்டையை மறைக்கத் தொடங்கும். 2023 ஆகஸ்டில் தொடங்கிய அந்த வரிசை 2028 ஆகஸ்ட் வரை நீள்கிறது. அந்த ஐந்து ஆண்டுகளிலும் சந்திரன் மாதந்தோறும் தங்குவது ரோகிணியோடு அல்ல, கேட்டையோடு!

இரண்டு விண்மீன்களுக்கும் உள்ள உறவு இதோடு நிற்கவில்லை. முன்பு சொன்ன தைத்திரீய சங்கிதையிலேயே நட்சத்திரப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் நாம் இன்று கேட்டை என்று சொல்லும் நட்சத்திரத்தின் பெயரும் ரோகிணிதான். ரோகிணி என்றால் சிவந்தவள் என்று பொருள். பார்த்தவர்கள் இரண்டையும் சிவந்தவள் என்றே அழைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் ஒருத்தி சந்திரனின் செல்ல மனைவி ஆனாள். மற்றவள் யாரும் விரும்பாத நட்சத்திரம் ஆனாள். இந்த வேறுபாட்டுக்கு வானில் எந்த அடையாளமும் இல்லை.

நெப்போலியன் சூரியனா?

வானத்தில் விடை தேடுவதில் ஒரு பொறி இருக்கிறது. அதைப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் வேடிக்கையாக விளக்கிக் காட்டினார். சார்ல் துப்புயி என்பவர் 1795இல் ஒரு பெரிய நூல் எழுதி, எல்லா மதக் கதைகளும் சூரியனையும் விண்மீன்களையும் பற்றியவையே என்று வாதிட்டிருந்தார். அதைக் கேலி செய்ய நினைத்த ழான் பத்தீஸ்த் பெரேஸ், 1827இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். நெப்போலியன் என்று ஒருவன் இருந்ததே இல்லை என்பது அதன் வாதம்!

எப்படி? நெப்போலியன் என்ற பெயர் அப்பல்லோ என்ற சூரியக் கடவுளின் பெயரை ஒத்திருக்கிறது. அவன் நடுநிலக் கடலில் ஒரு தீவில் பிறந்தான், அப்பல்லோவும் அப்படியே. நான்கு சகோதரர்கள் நான்கு பருவங்கள். இரண்டு மனைவியர் சந்திரனும் பூமியும். பன்னிரண்டு தளபதிகள் பன்னிரண்டு ராசிகள். கிழக்கே எகிப்திலிருந்து எழுந்து வந்தான். மேற்குக் கடலில் மறைந்தான். பன்னிரண்டு ஆண்டுகள் ஆண்டது பகலின் பன்னிரண்டு மணி நேரம். நெப்போலியன் இறந்து ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவனைக் கண்ணால் கண்டவர்கள் இலட்சக்கணக்கில் உயிரோடு இருந்தார்கள்!

பின்னர் மாக்ஸ் முல்லர் என்ற பெரும் சமஸ்கிருத அறிஞர் பழங்கதைகள் பலவும் சூரிய உதயத்தையும் மறைவையும் சொல்பவையே என்று எழுதியபோது, 1870இல் இன்னொருவர் அதே முறையில் மாக்ஸ் முல்லரே ஒரு சூரியக் கதைதான் என்று நிறுவிக் காட்டினார்.

இந்த வித்தையை நாமும் செய்து பார்க்கலாம். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு செல்லும் மின்சார ரயிலை எடுத்துக்கொள்வோம். இது உண்மையில் சந்திரனின் கதை என்று நான் நிரூபிக்கிறேன், பாருங்கள்.

சந்திரன் பாற்கடலில் பிறந்தான். ரயில் கடற்கரையில் புறப்படுகிறது. கோட்டை, பூங்கா, எழும்பூர் என்று தொடங்கி எண்ணுங்கள். தாம்பரம் 17ஆவது. பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு வரை இன்னும் 10. ஆக 27 நிலையங்கள். இருபத்தேழு மனைவியர்! அவற்றுள் தாம்பரத்தின் மேல் மட்டும் தனி அன்பு. பல வண்டிகள் அதற்கு அப்பால் போகாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. ஆகவே தாம்பரமே ரோகிணி. ரோகிணி சிவப்பு அல்லவா? வண்டியை நிறுத்தும் விளக்கும் சிவப்பு. சந்திரனில் மான் உண்டு. வழியில் வண்டலூரில் விலங்குக் காட்சிசாலை உண்டு. அடுத்து மறைமலை நகர்: சந்திரன் மலைக்குப் பின்னே மறையும் இடம். சிங்கப்பெருமாள் கோயில்: சிம்ம ராசி. ஐயத்துக்கு இடமே இல்லை!

"கிளாம்பாக்கத்துக்கும் ஒரு நிலையம் சேர்த்தால் 28 ஆகிவிடுமே?" என்று கேட்கிறீர்களா? கவலை வேண்டாம். பழைய பட்டியல்கள் சிலவற்றில் அபிஜித் என்ற நட்சத்திரத்தையும் சேர்த்து 28 என்றே கணக்கிட்டிருக்கிறார்கள். கிளாம்பாக்கம்தான் அபிஜித் என்று சொல்லிவிடுவேன். 27 வந்தாலும் என் கொள்கை வெற்றி பெறும். 28 வந்தாலும் வெற்றி பெறும். எது வந்தாலும் தோற்காத கொள்கை எதையும் சொல்லாத கொள்கை என்பதை இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

உண்மை நமக்குத் தெரியும். தாம்பரம் வரை மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. மக்கள் குடியேறிய இடங்களில் நிலையங்கள் அமைந்தன. மறைமலை நகர், பல்லாவரத்தில் வாழ்ந்த தமிழறிஞர் மறைமலையடிகளின் பெயரைத் தாங்கியது. ரயிலின் வரலாறு தெரிவதால் சிரிக்கிறோம். பழங்கதையின் வரலாறு தெரியாததால் அதே வாதத்தைக் கேட்டு வியக்கிறோம்.

மூன்று கேள்விகள்

அப்படியானால் கதைகளில் வானமே இல்லையா? இருக்கிறது. ஆனால் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அதற்கு மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று: கதை சொல்வதை வானில் பார்த்துச் சரிபார்க்க முடியுமா? 27 நாளில் சந்திரன் அதே இடத்துக்கு வருவதைச் சரிபார்க்கலாம். ஆகவே அது கண்டறிந்த செய்தி.

இரண்டு: அதே விளக்கம் வேறொன்றுக்கும் இதே அளவு பொருந்துமா? ரோகிணியைச் சந்திரன் மறைக்கிறது என்பது கேட்டைக்கும் மகத்துக்கும் சித்திரைக்கும் பொருந்துகிறது. ஆகவே ரோகிணி ஏன் செல்லமானாள் என்பதற்கு அது முழு விடை ஆகாது.

மூன்று: கதையின் பழைய வடிவம் என்ன சொல்கிறது? இன்றைய கதையில் 27. பழைய கதையில் 33. நாம் வியக்கும் பகுதி பிற்காலச் சேர்க்கையாக இருக்கலாம்.

இக்கேள்விகளை வேறொரு செய்தியின் மேல் செலுத்திப் பார்ப்போம். மூல நட்சத்திரத்தின் திசையில்தான் நம் பால்வெளி மண்டலத்தின் மையம் இருக்கிறது. "மூலம் என்றால் வேர், ஆதி. ஆகவே நம் முன்னோர் பால்வெளியின் மையத்தை அறிந்தே அப்பெயரை வைத்தார்கள்" என்று சிலர் சொல்வதை நீங்கள் கேட்டிருக்கலாம். முதல் கேள்வி: மையத்தைக் கண்ணால் பார்க்க முடியுமா? முடியாது. அடர்ந்த தூசி மேகங்கள் அதை மறைக்கின்றன. அதன் திசையை 1918இல் ஹார்லோ ஷேப்லி விண்மீன் கொத்துகளின் பரவலை அளந்து கண்டார். அங்கிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கார்ல் ஜான்ஸ்கி 1930களின் தொடக்கத்தில் பிடித்தார். இரண்டாம் கேள்வி: வேர் என்ற பெயருக்கு வேறு விளக்கம் உண்டா? விருச்சிகத்தின் வால் வளைந்து கீழே இறங்குவதைப் பாருங்கள். மண்ணுக்குள் போகும் வேரைப் போலவே இருக்கிறது. மூன்றாம் கேள்வி: பழைய பட்டியலில் என்ன பெயர்? தைத்திரீய சங்கிதைப் பட்டியலில் அவ்விடத்தின் பெயர் மூலம் அல்ல, விசிருதௌ. தேளின் கொடுக்கில் ஒட்டி நிற்கும் இரட்டை விண்மீன்களைக் குறிப்பது. முன்னோர் கண்ணால் கண்ட இரட்டையைச் சரியாகவே குறித்திருக்கிறார்கள். அவர்கள் செய்ததற்கே அவர்களைப் பாராட்டுவோம், செய்யாததற்கு அல்ல.

கேட்டையின் பழி

இப்போது கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இடத்துக்கு வருகிறோம். உங்கள் அக்காவுக்கோ சித்திக்கோ திருமணப் பேச்சு நடக்கும்போது பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பெண் மூலம் என்றால் மாமனாருக்கு ஆகாது. ஆயில்யம் என்றால் மாமியாருக்கு ஆகாது. விசாகம் என்றால் கணவனின் தம்பிக்கு ஆகாது. கேட்டை என்றால் கணவனின் அண்ணனுக்கு ஆகாது. படிப்பு, குணம் எல்லாம் பிடித்திருந்தும் ஜாதகக் கட்டத்தைப் பார்த்தவுடன் "பிறகு சொல்லி அனுப்புகிறோம்" என்று எழுந்து போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிறந்த நேரத்தை மாற்றி எழுதி ஜாதகம் தயாரிக்கும் பெற்றோரும் உண்டு.

கேட்டை என்பது ஜ்யேஷ்டா என்ற சொல்லின் தமிழ் வடிவம். மூத்தவள் என்பது அதன் பொருள். மூத்தவள் என்ற பெயருள்ள நட்சத்திரத்துக்கு, மூத்த மைத்துனனுக்குத் தீங்கு என்ற பலன்! பலன் வானத்திலிருந்து வந்ததா, சொல்லிலிருந்து வந்ததா? சொல்லிலிருந்தே வந்தது போலத் தோன்றுகிறது. ஆனால் இதுவும் ஓர் ஊகம்தான்; நம் மூன்று கேள்விகளுக்கு இதையும் உட்படுத்த வேண்டும். பழைய வடிவத்தைத் தேடினால், அதர்வ வேதத்திலேயே மூத்தோரை அழிப்பது என்ற பொருளில் இந்நட்சத்திரத்துக்கு ஒரு பெயர் வழங்கியது தெரிகிறது. ஆகவே அச்சம் மிகப் பழையது. இருந்தாலும் அங்கே பேசப்படுவது அந்நாளில் பிறந்த குழந்தையைக் காக்க வேண்டும் என்ற வேண்டுதல். மருமகளாக வரப்போகும் பெண்ணைப் பற்றி அல்ல. பழி இடம் மாறி வந்து பெண்ணின் தலையில் உட்கார்ந்திருக்கிறது.

பழமையானது என்பதாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது. பாம்பு சந்திரனை விழுங்குகிறது என்பதும் பழமையானதே.

இந்தப் பலன் உண்மையானால் அதைச் சோதிப்பது கடினமல்ல. 27 நட்சத்திரங்கள் இருப்பதால் ஏறக்குறைய 27 பேரில் ஒருவர் கேட்டையில் பிறந்திருப்பார். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண்கள் சுமார் 3 கோடியே 60 இலட்சம். அதை 27ஆல் வகுத்தால் 13 இலட்சத்துக்கு மேல் வருகிறது. இத்தனை பெண்களின் கணவர்களுக்கு அண்ணன்மார் இருந்தால், அவர்கள் எல்லோருக்கும் மற்றவர்களைவிட அதிகமாகத் தீங்கு நேர்ந்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் ஓர் அண்ணன் இறந்துபோனதைக் காட்டுவது சோதனை ஆகாது. கேட்டைப் பெண்கள் புகுந்த ஆயிரம் வீடுகளையும் மற்றப் பெண்கள் புகுந்த ஆயிரம் வீடுகளையும் ஒப்பிட வேண்டும். நமக்குச் சொல்லப்படும் கதைகளோ தீங்கு நேர்ந்த வீடுகளைப் பற்றியவை மட்டுமே. ஒன்றும் நேராத வீட்டில் யாரும் நட்சத்திரத்தை நினைப்பதில்லை.

கேட்டை என்ற விண்மீனோ இவை எதையும் அறியாது. அது நம்மிடமிருந்து சுமார் 550 ஒளியாண்டு தொலைவில் உள்ள பெருஞ்சிவப்பு விண்மீன். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் பூமியின் பாதையையும் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும் அளவு பெரியது. இன்றிரவு நாம் காணும் அதன் ஒளி விசயநகர அரசு இருந்த காலத்தில் புறப்பட்டது. கிரேக்கர்கள் அதன் சிவப்பைப் பார்த்துச் செவ்வாயின் போட்டியாளன் என்றார்கள். சீனர்கள் அதை நெருப்பு விண்மீன் என்றும், வானத்து நாகத்தின் இதயம் என்றும் சொன்னார்கள். நிறத்தில் எல்லோரும் ஒன்றுபட்டார்கள், ஏனெனில் நிறம் வானில் இருக்கிறது. கதையில் வேறுபட்டார்கள், ஏனெனில் கதை மனிதரிடம் இருக்கிறது.

செய்து பாருங்கள்

1. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவு ஒன்பது மணியளவில் மொட்டை மாடிக்குச் செல்லுங்கள். தாம்பரத்தின் தெருவிளக்கு வெளிச்சத்திலும் ரோகிணி தெரியும். நம் ஊரில் அது கிட்டத்தட்ட உச்சிக்கே வரும். ஜூன், ஜூலை மாதங்களில் அதே நேரத்தில் தெற்கே பாருங்கள். அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறக்குறைய நடுவில், தேள் வடிவ விண்மீன் கூட்டத்தின் மார்பில் சிவப்பாக ஒளிர்வது கேட்டை.

2. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு மாதம் முழுவதும் ஒரே நேரத்தில் சந்திரன் எந்த விண்மீனுக்கு அருகே இருக்கிறது என்று படம் வரைந்து குறியுங்கள். முட்டியால் தொலைவை அளந்து எழுதுங்கள். அதே விண்மீனிடம் திரும்ப எத்தனை நாள் ஆயிற்று, அதே வடிவத்தை அடைய எத்தனை நாள் ஆயிற்று என்று தனித்தனியே எண்ணுங்கள்.

3. உங்கள் வகுப்பு மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு குழு உங்கள் பள்ளி உண்மையில் சூரிய மண்டலமே என்று வாதிடட்டும். மற்றொரு குழு மூன்று கேள்விகளைக் கேட்டு அதை மறுக்கட்டும்.

4. உங்கள் பாட்டியிடம் நட்சத்திரக் கதை ஒன்றைக் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள். வேறொரு வீட்டுப் பாட்டியிடம் அதே கதையைக் கேட்டு எழுதுங்கள். எது மாறுகிறது, எது மாறவில்லை என்று ஒப்பிடுங்கள்.

பாட்டி சொல்லும் கதையைக் கேலி செய்ய வேண்டாம். 27 என்ற கணக்கை எழுத்தின் துணையின்றி நம் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தது அந்தக் கதைதான். ஆனால் அக்காவின் ஜாதகத்தைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால், அவரை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரே நிறமுள்ள இரண்டு விண்மீன்களைப் பற்றிச் சொல்லுங்கள். கேட்டை எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். அதில் தீங்கு எந்தப் பக்கம் தெரிகிறது என்று பணிவாகக் கேளுங்கள்.